பள்ளிக்கூடத்தை ஒரு தடவை சுத்திப் பாருங்க

(ஏற்காட்டில் நடந்த நமது தகவல் தொழில்நுட்பப் பிரிவுப் பயிலரங்கில் தன்னார்வலர் ஒருவர் பேசியது. வர முடியாத தோழர்களுக்காக எழுத்து வடிவில்.)



நான் படிச்சது சிவில் இன்ஜினியரிங். சிவில் படிச்சவன் ஐ.டி. விங்ல என்னடா பண்றேன்னு எங்க அப்பா இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. மீம் போடறதுக்கு எதுக்குடா நாலு வருஷம் படிப்புன்னு. இன்னிக்கு அந்தப் படிப்புக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தம் வந்த ஒரு விஷயத்தைத்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன்.

கொஞ்ச நாள் முன்னாடி பூத் கமிட்டி வேலையா இந்தச் சேர்வராயன் மலையில ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். ஊர் பேர் சொல்ல மாட்டேன், ஏன்னு போகப் போகத் தெரியும். பஸ் போற வரைக்கும் பஸ். அதுக்கு மேல காப்பித் தோட்டம் வழியா நடை. ஊர் நடுவுல ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ரெண்டே வகுப்பறை. ஒரு அறைக்குள்ள போய் அண்ணாந்து பார்த்தேன், வயித்தைக் கலக்கிடுச்சு. கூரை கான்கிரீட் பாளம் பாளமா உதிர்ந்து, உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு வெளிய தெரியுது. அதுக்கு நேர் கீழ பசங்க உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிட்டு இருக்காங்க.

என் கை தானா போனுக்குப் போயிடுச்சு. போட்டோவும் எடுத்துட்டேன். பதிவுக்குத் தலைப்புகூட மனசுல ஓடிடுச்சு. எத்தனை ஷேர் போகும்னு கணக்கும் போட்டுட்டேன். மறைச்சுப் பேசறதுல என்ன இருக்கு, நம்ம புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

தலைமை ஆசிரியை பக்கத்துல வந்தாங்க. கோபப்படல. "தம்பி, எடுத்துக்கோங்க. ஆனா போட்டுடாதீங்க" அப்படின்னாங்க. ஏன் மேடம்னு கேட்டேன். "போட்டா நாளைக்கே ஆபீசர் வருவாரு, ரூமைப் பூட்டுவாரு. பூட்டட்டும், அது நல்லதுதான். அதோட விட்டுட்டுப் போயிட்டா இந்தப் புள்ளைங்களை நான் எங்க உட்கார வைப்பேன்? அடுத்த பள்ளிக்கூடத்துக்கு நாலு கிலோமீட்டர் நடக்கணும். காட்டெருமை நடமாடற வழி. பாதிப் புள்ளைங்க நின்னுடும். பொம்பளைப் புள்ளைங்கதான் முதல்ல நிக்கும்."

எனக்குப் பதில் இல்லை. மலையிறங்கி வர்ற வரைக்கும் யோசிச்சேன். போட்டோ போட்டா பள்ளிக்கூடம் போயிடலாம். போடலேன்னா கூரை விழலாம். ரெண்டுமே தப்பு. அப்போ எதுதான் சரி?

கும்பகோணத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. காசிராமன் தெருவில ஒரே கட்டடத்துல இயங்கின பள்ளிகள். மதிய உணவு சமைக்கிற இடத்துல பிடிச்ச தீ மாடியில இருந்த கீற்றுக் கொட்டகைக்குப் பரவுச்சு. 94 குழந்தைங்க. எனக்கு அப்போ நாலு வயசு, நினைவு இல்லை. ஆனா அன்னிக்கு டி.வி. பார்த்துட்டு எங்க அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம ஒரு வாரம் வீட்டுலயே வச்சிருந்தாங்கன்னு பாட்டி சொல்லுவாங்க. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2014 ஜூலையில. பத்து வருஷம்.

அந்தத் தீக்கு அப்புறம்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகள்ல கீற்றுக் கூரையை எடுத்தாங்க. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையோட தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று இதெல்லாம் கறாரா கேட்க ஆரம்பிச்சாங்க. 2009-ல அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய விஷயம் சொல்லுச்சு. கல்வி உரிமைன்னா பாதுகாப்பான பள்ளியில படிக்கிற உரிமையும் அதுக்குள்ள அடக்கம்னு. அந்த வழக்குக்கே கும்பகோணம்தான் காரணம்.

சரி, அதோட முடிஞ்சுதா?

2012 ஜூலை, தாம்பரம் பக்கம். பள்ளிப் பேருந்தோட தளத்துல இருந்த ஓட்டை வழியா ரெண்டாம் வகுப்புக் குழந்தை ரோட்டுல விழுந்து இறந்துபோச்சு. அதுக்கு அப்புறம் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்துச்சு. 2021 டிசம்பர் 17, திருநெல்வேலி. கழிவறைச் சுவர் விழுந்து மூணு மாணவர்கள். அதுக்கு அப்புறம் மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிச்சாங்க. 2025 ஜனவரி 3, விக்கிரவாண்டி. கழிவுநீர்த் தொட்டி மேல இருந்த துருப்பிடிச்ச மூடி உடைஞ்சு எல்.கே.ஜி. குழந்தை உள்ள விழுந்துடுச்சு.

இதுல யார் ஆட்சியில எது நடந்துச்சுன்னு பட்டியல் போடறது சுலபம். கமெண்ட்ல யாராவது போடத்தான் போறீங்க. நான் வேற ஒண்ணைப் பார்க்கச் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் விதி வந்துச்சு, அந்த விதி போன விபத்தை மட்டும்தான் பார்த்துச்சு. கூரையைப் பார்த்தோம், பஸ் தளம் பறிச்சுது. பஸ்ஸைப் பார்த்தோம், கழிவறைச் சுவர் விழுந்துச்சு. சுவரைப் பார்த்தோம், தொட்டி மூடி உடைஞ்சுது. இந்த மூணு இடமும் அதிகாரி வருஷத்துல ஒரு நாள் வந்து ஃபைல் பார்க்கிறப்ப கண்ணுல படாத இடம். ஆனா பசங்களுக்குத் தெரியும். பஸ்ல எந்த சீட்டுக்குக் கீழ ஓட்டைன்னு பசங்களுக்குத் தெரியாதா? எந்தச் சுவர் ஆடுதுன்னு தெரியாதா? அவங்ககிட்ட யாரும் கேட்கல, அவ்வளவுதான்.

அப்போ நம்ம மலையில அடுத்தது எங்கேன்னு நாமதான் யோசிக்கணும். கீழே சமவெளிக்குப் போட்ட செக்லிஸ்ட் மேல பாதிதான் பொருந்தும்.

முதல்ல தடுப்புச் சுவர். மலையில பள்ளிக்கூடம் கட்டணும்னா சரிவை வெட்டித்தான் கட்டணும். அதனால முக்காவாசிப் பள்ளிகள்ல பின்னாடியோ பக்கத்துலயோ மண்ணைத் தாங்கிட்டு ஒரு சுவர் நிக்கும். அதுல வரிசையா சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீங்க. பசங்க அதுல பேப்பரும் கல்லும் திணிச்சு விளையாடும். நானும் திணிச்சிருக்கேன். அந்த ஓட்டை அழகுக்கு இல்லை. மழை பெய்யும்போது சுவருக்குப் பின்னாடி மண்ணு தண்ணியைக் குடிக்கும். அந்தத் தண்ணி வடியறதுக்குத்தான் ஓட்டை. அடைச்சுக்கிட்டா மண்ணோட பாரத்தோட தண்ணியோட அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். சுவர் நடுவுல தொப்பை மாதிரி புடைச்சிருந்தாலோ, புதுசா விரிசல் தெரிஞ்சாலோ, மேல இருக்கிற மரம் சாய ஆரம்பிச்சாலோ, அந்தச் சுவர் ஓரத்துல பசங்களை நிக்கவே விடக்கூடாது. 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழையில நம்ம மலைப்பாதையில எப்படி மண் சரிஞ்சு ரோடு நின்னுச்சுன்னு எல்லாரும் பார்த்தோம். ரோடு சரிஞ்சா நியூஸ்ல வரும். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் அரை அடி நகர்ந்தா யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பெரிய மழைக்கு அப்புறமும் ஒரு ஆள் போய் ஒரு சுத்து பார்த்தாப் போதும், குச்சியை விட்டு ஓட்டையைக் குத்தி விட்டாப் போதும். இதுக்கு டெண்டர் வேண்டாம்.

அடுத்து கூரை. கம்பி துருப்பிடிச்சா இரும்பு ஊதிப் பெருசாகும். பெருசான கம்பி சுத்தி இருக்கிற கான்கிரீட்டை உடைச்சு வெளிய தள்ளும். ஒரு கம்பை எடுத்து மெதுவாத் தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா பரவாயில்லை. பொத்துன்னு கேட்டா உள்ள விட்டுப்போச்சுன்னு அர்த்தம். இதுல ஒரு கொடுமை, பல இடத்துல உதிர்ந்த எடத்துல சிமெண்ட் பூசி, வெள்ளை அடிச்சு விட்டுடுவாங்க. பூசி மெழுகறதுன்னு பேச்சுக்குச் சொல்றோமே, அது இங்க நெசமாவே நடக்குது. உள்ள துரு அப்படியேதான் இருக்கும், வெளிய தெரியாது. பூசாத கூரையைவிடப் பூசின கூரையைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

வண்டி. இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள ஊர் இது. 2024 ஏப்ரல் 30-ல ஏற்காட்டுல இருந்து சேலம் இறங்கின தனியார் பஸ் இந்த மலைப்பாதையில கவிழ்ந்து எத்தனை வீட்டுல இழவு விழுந்துச்சுன்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிப் பேருந்துக்கு விதி இருக்கு, வருஷா வருஷம் பள்ளி திறக்கறதுக்கு முன்னாடி கிரவுண்ட்ல வரிசையா நிறுத்திச் சோதனையும் நடக்குது. ஆனா மலைக்கிராமத்துப் பசங்க எதுல போறாங்க? ஷேர் ஜீப், ஆம்னி வேன், சரக்கு வண்டி. மஞ்சள் பெயிண்ட் இல்லாத வண்டி எந்தச் சோதனைக்கும் வராது. நான் எட்டாவது படிக்கிறப்ப வந்த வேன் டிரைவர் அண்ணன் இறக்கத்துல இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல விடுவாரு. டீசல் மிச்சமாம். இன்ஜின் ஓடலேன்னா பிரேக்குக்குக் கிடைக்கிற உதவி சக்தி போயிடும், மிதிச்சா கல்லு மாதிரி நிக்கும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ராட்டினம் மாதிரி இருக்குன்னு கைதட்டுவோம். ஒரு நாள் வளைவுல சுவத்துல உரசி நின்னுச்சு. சுவர் இருந்துச்சு, அதனால இன்னிக்கு இங்க நின்னு பேசறேன். பெற்றோர் அந்த டிரைவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "இறக்கத்துல எந்த கியர்ல வர்றே?"

அடுத்து சொல்லப் போறது பலருக்குப் பிடிக்காது, தோட்டம் வச்சிருக்கிற நம்ம கட்சிக்காரங்களும் இருக்கீங்க. பூச்சிமருந்து. 2013 ஜூலை 16, அதே கும்பகோணம் தேதி, பீகார்ல சரண் மாவட்டத்துல ஒரு பள்ளிக்கூடம். சத்துணவு சாப்பிட்ட 23 குழந்தைங்க இறந்தாங்க. சாப்பாட்டுல மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்திருந்துச்சு. இப்போ நம்ம ஊரைப் பாருங்க. காப்பி, மிளகு, ஆரஞ்சுன்னு தோட்டத்துக்கு நடுவுலதான் பள்ளிக்கூடமே. காலி மருந்து கேனைக் கழுவி மண்ணெண்ணெய்க்கு வைக்கிறது, தண்ணிக்கு வைக்கிறது நம்ம வீடுகள்ல சாதாரணம். கழுவினா போகாது தோழர்களே. அந்தக் கேன் சத்துணவுக் கூடத்துப் பக்கமே வரக்கூடாது. வந்தா ஓட்டை போட்டு ஒதுக்கிடுங்க, மறுபடி யாரும் எடுக்க முடியாதபடி. பள்ளிக்கு ஒட்டின தோட்டத்துல மருந்து அடிக்கிறதை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்கச் சொல்லுங்க. கேட்டா பெரும்பாலும் மாத்திப்பாங்க, அவங்க குழந்தைங்களும் அங்கேதான் படிக்குது.

தண்ணி, கழிவறை பத்திச் சுருக்கமாச் சொல்லிடறேன், ஏன்னா இதுல தெரியாதது எதுவும் இல்லை. தொட்டி மூடியைக் குரங்கு திறந்துடும், அதனால கொக்கி போட்ட மூடி வேணும். குழாய்த் தண்ணியில குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும். குடிநீர் வடிகால் வாரியம் ஊராட்சிகளுக்குத் தண்ணி சோதிக்கிற பெட்டி கொடுத்திருக்கு, உங்க ஊராட்சியில அது எந்த பீரோவுல தூங்குதுன்னு கேளுங்க. கழிவுநீர்த் தொட்டி மேல தகரம், பலகை எதுவும் கூடாது, கான்கிரீட் மூடிதான். பொம்பளைப் பிள்ளைங்க கழிவறையில தண்ணி வரலேன்னா அவங்க காலையில இருந்தே தண்ணி குடிக்காம இருப்பாங்க. இதை எந்தப் பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லாது. அதனால போற குழுவுல ஒரு பெண் தோழர் கண்டிப்பா இருக்கணும்.

அடிவாரத்துல இருக்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மேக்னசைட் வெட்டின பள்ளம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல இருந்தா, வேலி இருக்கான்னு மழைக்கு முன்னாடி பாருங்க.

ஆய்வகம்னு ஒண்ணு இருக்கு, அதை யாருமே பேச மாட்டேங்கறாங்க. தெர்மாமீட்டர் உடைஞ்சா பாதரசத்தை உள்ளங்கையில உருட்டி விளையாடாத பிள்ளை உண்டா? இன்னொரு மலையோட கதையைச் சொல்றேன். கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்துச்சு, பாதரசக் கழிவைப் பழைய இரும்புக் கடை வரைக்கும் அனுப்பினதை ஊர்க்காரங்க கண்டுபிடிச்சு 2001-ல அதை மூட வச்சாங்க. அதுக்கு அப்புறமும் மண்ணைச் சுத்தம் பண்ற சண்டை வருஷக்கணக்கா ஓடுச்சு. பாதரசம் சாதாரண சூட்டுலயே ஆவியாகும், மூச்சு வழியா உள்ள போகும். உடைஞ்சா துடைப்பத்தால கூட்டக் கூடாது, அது இன்னும் சிதறும். பசங்களை வெளிய அனுப்பி, ஜன்னலைத் திறந்து, ரெண்டு அட்டையால ஒண்ணு சேர்த்து, மூடி போட்ட பாட்டில்ல எடுக்கணும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கித் தந்தா இந்தத் தொல்லையே இல்லை. பிறந்தநாளுக்கு பேனர் வைக்கிற காசுல எத்தனை பள்ளிக்கு வாங்கலாம்னு நான் கணக்கு போட்டேன், இங்க சொன்னா சண்டை வரும், விடுங்க.

இப்போ அந்த ஊர் விஷயத்துக்கு வர்றேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21. அரசுப் பள்ளியிலயும் உதவி பெறும் பள்ளியிலயும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கணும். அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அரசுப் பள்ளியில அந்தக் குழுதான் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதணும். குழுன்னு ஒண்ணு இருக்குறதே பல பெற்றோருக்குத் தெரியாது. கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன்னு சொல்லுவாங்க. அந்த ஊர்லயும் அப்படித்தான் இருந்துச்சு.

நாங்க மறுபடி போனோம், கொடி இல்லாம, துண்டு இல்லாம. குழுத் தலைவரா இருக்கிற அக்காகிட்டப் பேசினோம். தீர்மானத்துல ரெண்டு வரியைச் சேர்த்து ஒண்ணா எழுதச் சொன்னேன். ஒண்ணு, அந்த அறையை இன்னிக்கே பூட்டணும். ரெண்டு, அதே நாள்ல இருந்து சமுதாயக் கூடத்துல வகுப்பு நடத்த அனுமதி தரணும். முதல் வரி மட்டும் போனா தலைமை ஆசிரியை பயந்தது நடக்கும். ரெண்டாவது மட்டும் போனா, அவசரம் இல்லைன்னு ஃபைல் தூங்கும். கூரையில எத்தனை சதுர அடி உதிர்ந்திருக்கு, எத்தனை கம்பி தெரியுதுன்னு அளந்து நான் எழுதிக் கொடுத்தேன், போட்டோவை அதோட இணைச்சோம். போட்டோ போக வேண்டிய இடம் அதுதான்.

ஒன்றியப் பள்ளிக் கட்டடம்னா வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு. உண்டு உறைவிடப் பள்ளின்னா பழங்குடியினர் நலத் துறை. நம்ம மலையில இந்த ரெண்டையும் மாத்திக் கொடுத்துட்டு மாசக்கணக்கா அலையறவங்க நிறைய. எதுவும் நகரலேன்னா கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைக்கு உடனடி ஆபத்துன்னா 1098.

அறை பூட்டிட்டாங்க. வகுப்பு சமுதாயக் கூடத்துல நடக்குது. கல்யாணம் வந்தா அன்னிக்கு மரத்தடி. ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து, இடிக்க வேண்டிய பட்டியல்ல சேர்த்திருக்காரு. புதுக் கட்டடம் இன்னும் வரல. நாங்க மாசா மாசம் குழுக் கூட்டத்தன்னிக்கு அந்த அக்காவுக்கு போன் பண்ணிக் கேட்கிறோம். பிள்ளைங்க யாரும் நிக்கல.

சிலர் என்கிட்ட கேட்டாங்க, பதிவு போட்டிருந்தா ஒரே வாரத்துல நடந்திருக்குமேன்னு. நடந்திருக்கலாம். பள்ளிக்கூடம் இல்லாமலும் போயிருக்கலாம். பதிவே போடக்கூடாதுன்னு நான் சொல்லல. மனு கொடுத்து, நாள் குறிச்சு, பதில் வரலேன்னா அப்போ போடுவோம், தேதியோட, மனு நகலோட. நம்ம பக்கம் ஆட்சியில இருந்தாலும் போடுவோம். ஆனா அதுல பிள்ளைங்க முகம் தெரியக் கூடாது, டீச்சர் பேர் வரக்கூடாது. நம்ம அரசியலுக்கு அவங்க வேலை போகக் கூடாது.

இதைப் படிக்கிற நீங்க எந்த ஊரா இருந்தாலும் சரி, உங்க பக்கத்துப் பள்ளியில அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் என்னிக்குன்னு கேட்டு வைங்க. அதுக்கு முன்னாடி அனுமதி வாங்கிட்டுப் பள்ளியை ஒரு தடவை சுத்திப் பாருங்க. அஞ்சாவது படிக்கிற ரெண்டு பசங்களைக் கூட்டிட்டுப் போங்க, எங்கே பயமா இருக்கும்னு அவங்களையே காட்டச் சொல்லுங்க. நாகலூர், செம்மநத்தம், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை பக்கம் இருக்கிற தோழர்கள், கட்டடத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வேணும்னா பக்கத்துக்கு மெசேஜ் அனுப்புங்க. சிவில் படிச்சவங்க நாங்க நாலு பேர் இருக்கோம், ஞாயித்துக்கிழமை வர்றோம். பள்ளி பேரைக் கமெண்ட்ல போடாதீங்க, இன்பாக்ஸ்ல மட்டும்.